வண்ணக்கோல் ஏந்திய இளவரசி: 1745ஆம் ஆண்டின் ஓர் அரசவை உருவப்படம்

ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள கார்ல்ஸ்ரூஹே நகரத்து அரசுக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் 1745ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பாஸ்டல் ஓவியம் உண்டு. தீட்டியவர் ஜெனிவாவில் பிறந்த ழான்-எத்தியேன் லியோத்தார். படத்தில் இருப்பவர் ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட் என்ற சிற்றரசின் இளவரசி கரோலினே லூயிசே. அரசகுலப் பெண்ணின் உருவப்படம் என்றதும் மணிமுடியும் பட்டுத் திரைச்சீலையும் பளிங்குத் தூணும் நினைவுக்கு வரும். இந்தப் படமோ அவரை ஓவியத் தாங்கியின் முன்னே, வரையும் தொழிலில் ஈடுபட்டவராகக் காட்டுகிறது. வரையப்படுபவரே வரைபவராகவும் இருக்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளில் இளவரசிகள் ஓவியம் பயில்வது அரிதன்று. இசை, நடனம், பிரெஞ்சு மொழி, பூத்தையல் ஆகியவற்றோடு ஓவியமும் உயர்குலப் பெண்களுக்குரிய பயிற்சிகளுள் ஒன்று. ஆகவே இப்படத்தையும் ‘பல கலை பயின்ற அரசகுமாரி’ என்னும் பழகிய வகைக்குள் அடக்கிவிட்டு அப்பால் நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தப் பெண்ணின் பிற்கால வாழ்வை அறிந்தபின் படத்துக்குத் திரும்புவோருக்கு அந்த வகைப்பாடு போதவில்லை. அவர் கையிலுள்ள கோல் ஓர் அணிகலனா, தொழிற்கருவியா என்பதே இப்படம் எழுப்பும் வினா. அதற்கு விடை காண, அன்றைய அரசவைகளில் உருவப்படம் எதற்காகப் பயன்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்றைய ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. புனித ரோமானியப் பேரரசு என்ற பெருங்குடையின் கீழ் ஏறத்தாழ 300 ஆட்சிப் பகுதிகள் இருந்தன. பிரஷ்யா, சாக்சனி, பவேரியா போன்ற பெரிய அரசுகள் ஒருபுறம். ஒரு தலைநகரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் மட்டுமே கொண்ட சிற்றரசுகள் மறுபுறம். பெரும்படை இல்லாத சிற்றரசு நிலைத்து நிற்பதற்கு மண உறவே முதன்மையான வழி. மணமக்கள் ஒருவரையொருவர் நேரில் காணும் முன்பே பேச்சுவார்த்தை பெரும்பாலும் முடிந்துவிடும். அந்தப் பேச்சுவார்த்தையில் கடிதத்துக்கு நிகரான இடம் உருவப்படத்துக்கு இருந்தது.

இதற்குப் பெரிதும் அறியப்பட்ட சான்று ஒன்று உண்டு. அன்ஹால்ட்-செர்ப்ஸ்ட் என்ற மிகச் சிறிய அரசின் இளவரசி சோஃபியின் உருவத்தை பெர்லின் அரசவை ஓவியர் அன்த்வான் பென் தீட்டினார். அந்தப் படம் ருஷ்யப் பேரரசி எலிசவெத்தின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. 1744இல் சோஃபி ருஷ்யா சென்றார். பின்னாளில் இரண்டாம் கேத்தரின் என்ற பெயரில் அந்நாட்டை ஆண்டார். ஒரு சிற்றரசின் பதினான்கு வயதுப் பெண்ணை ஒரு பேரரசின் வாயிலுக்குக் கொண்டுசென்ற காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றாக ஓர் ஓவியமும் இருந்தது.

இத்தகைய படங்கள் ஒற்றைப் படைப்புகளாக நின்றதும் இல்லை. மூலப்படம் ஒன்று முடிந்ததும் பட்டறையில் அதன் படிகள் எடுக்கப்பட்டன. உறவினர் அரண்மனைகளுக்குப் பெரிய படிகளும், நெருங்கியோருக்குப் பொடிப்பேழை மூடியிலும் கழுத்தணியிலும் பதிக்கத்தக்க நுண்படிகளும் சென்றன. முகச்சாயல் பிழையின்றி அமைய வேண்டும். அதே வேளையில் குலத்தகுதியும் துலங்க வேண்டும். கீரித்தோல் போன்ற வெண்மயிர் அங்கி, மெத்தைமேல் வைத்த முடி, திரைச்சீலை ஆகியவை அத்தகுதியைச் சொல்லும் குறியீட்டு மொழியாகப் பயன்பட்டன. ஓர் இலக்கணம்போல அவை பயிலப்பட்டன. பார்ப்போரும் அவற்றை வாசிக்கப் பழகியிருந்தனர்.

அந்த இலக்கணம் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெகிழத் தொடங்கியது. பிரான்ஸின் பதினான்காம் லூயி 1715இல் மறைந்தபின், வெர்சாயின் பேரொலி குறைந்து பாரிஸ் மாளிகைகளின் சிறு கூடங்கள் நாகரிகத்தின் மையமாயின. பெருமண்டபத்துக்கு வேண்டியிருந்த ஓவியம் வேறு. நாலைந்து பேர் அமர்ந்து உரையாடும் அறைக்கு வேண்டிய ஓவியம் வேறு. அளவு சுருங்கியது, வண்ணம் மென்மையானது, முகம் அருகில் வந்தது. அரசகுலப் பெண்கள் மலர்த்தேவதை ஃப்ளோராவாகவும் வேட்டைத்தேவதை டயானாவாகவும் இடைச்சியராகவும் வேடம் புனைந்து படத்தில் தோன்றினர். பிரெஞ்சு ஓவியர் ழான்-மார்க் நத்தியே 1742இல் பதினைந்தாம் லூயியின் மகள் ஆன்ரியேத்தை ஃப்ளோராவாகத் தீட்டியது இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜெர்மன் சிற்றரசவைகள் இந்தப் பாணியை ஆவலோடு ஏற்றன. அவற்றின் பேச்சுமொழியும் கடிதமொழியும்கூட பெரும்பாலும் பிரெஞ்சாகவே இருந்தன.

இப்பாணிக்கு இன்று வழங்கும் ‘ரொக்கோகோ’ என்ற பெயர் அந்தக் காலத்தவர் இட்டதன்று. தோட்டங்களில் செயற்கைக் குகைகளைக் கற்சில்லும் சிப்பியும் பதித்து அழகுசெய்யும் வேலைக்குப் பிரெஞ்சில் ‘ரொக்காய்’ என்று பெயர். அதைத் திரித்து, பாரிஸ் ஓவியக்கூடங்களின் இளைஞர்கள் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய ஏளனச் சொல்லே ‘ரொக்கோகோ’. ஜெர்மனிலும் இதற்கிணையான ஏளனம் ஒன்று எழுந்தது. ஆண்கள் பின்னிய சடையுடன் திரிந்த காலத்தின் கலை என்ற பொருளில், நூற்றாண்டின் பிற்பகுதிக் கலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் ‘சோப்ஃப்’ பாணி, அதாவது ‘சடைப் பாணி’ என்றனர். இப்பாணியைப் பழித்தவர்கள் அது மேலோட்டமானது, அலங்காரத்தில் மயங்குவது, பெண்மைச் சாயல் மிக்கது என்று ஒரே மூச்சில் பழித்தனர். ஒரு காலத்தின் கலையைச் சிறுமைப்படுத்த அதைப் பெண்களோடு இணைத்தால் போதும் என்ற எண்ணம் அந்த விமரிசனத்தின் அடியில் இருந்தது. கரோலினேயின் படத்தை வாசிக்கும்போது இதை நினைவில் இருத்த வேண்டும்.

படத்தின் ஊடகமும் அதே பழிக்கு ஆளானது. பாஸ்டல் என்பது நிறப்பொடியை வெண்களிமண் அல்லது சுண்ணத்தோடு கலந்து, மிகக் குறைந்த பசையால் பிணைத்து, விரல் நீளக் கோலாக உருட்டி உலர்த்திய பொருள். எண்ணெய் வண்ணத்தில் ஒரு பூச்சு உலரக் காத்திருந்துதான் அடுத்ததைப் பூசவேண்டும். பாஸ்டலில் காத்திருப்பு இல்லை. கோலால் தேய்த்து, விரலால் கலந்து, விரும்பிய இடத்தில் நிறுத்தி, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். எண்ணெயின் நாற்றமும் இல்லை. ஒரு பெட்டிக்குள் முழுத் தொழிற்கூடமும் அடங்கிவிடும். அமர்ந்து முகம் கொடுக்க நேரமில்லாத அரசர்களுக்கும், அரண்மனை விட்டு அரண்மனை செல்லும் ஓவியர்களுக்கும், தம் அறையிலேயே பயில விரும்பிய பெண்களுக்கும் இது ஒருசேர உகந்ததாயிற்று. முகத்துக்கும் தலைமயிருக்கும் மாப்பொடி பூசிய அந்தச் சமூகத்தின் உருவத்தைப் பொடியாலேயே தீட்டியதில் ஒரு பொருத்தமும் இருந்தது.

ஆனால் எளிதில் கையாளலாம் என்பதற்காக எளிய கலை என்று கொள்ளலாகாது. வெனிஸ் நகரத்து ரோசால்பா காரியேரா பாஸ்டலைக் கொண்டே ஐரோப்பா முழுதும் புகழ்பெற்றவர். 1720-21இல் பாரிஸில் அவர் தங்கியிருந்தபோது அந்நகரில் பாஸ்டல் மோகம் பரவியது; சாக்சனி அரசர்கள் அவர் படங்களை டிரெஸ்டனில் பெருந்தொகுப்பாகத் திரட்டினர். பாஸ்டலின் உண்மையான இடர் அதன் நிலையாமை. பொடி தாளோடு தளர்வாகவே ஒட்டியிருக்கும். கைபட்டால் கலையும், வண்டி குலுங்கினால் உதிரும். கண்ணாடிக்குள் அடைத்தாலன்றி உயிர் பிழைக்காது. 280 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பாஸ்டல் நம் கண்முன் இருக்கிறதென்றால், தலைமுறை தலைமுறையாகப் பலர் அதைப் பொறுமையோடு காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அந்த ஊடகத்தின் பெருங்கலைஞர்களுள் ஒருவரே லியோத்தார். 1702இல் ஜெனிவாவில் பிறந்த அவர், 1738இல் ஆங்கிலேயப் பிரபுக்கள் சிலருடன் கான்ஸ்டான்டிநோபிள் சென்று நான்கு ஆண்டுகள் தங்கினார். துருக்கிய உடையையும் நீண்ட தாடியையும் அங்கிருந்து கொண்டுவந்து, ஐரோப்பிய அரசவைகளில் ‘துருக்கிய ஓவியர்’ என்றே அறியப்பட்டார். 1743இல் வியன்னா வந்து அரசி மரியா தெரேசாவின் அவையில் பணியாற்றினார். தட்டில் நீர்க்குவளையும் சாக்லேட் கிண்ணமும் ஏந்தி நடக்கும் ஒரு பணிப்பெண்ணை அவர் தீட்டியது அப்போதுதான். அந்தப் படத்தை 1745இல் வெனிஸில் வாங்கி டிரெஸ்டன் சேகரிப்பில் சேர்த்தவர் அறிஞர் பிரான்செஸ்கோ அல்காரோத்தி. இன்றும் அந்நகரின் மிகவும் அறியப்பட்ட படங்களுள் அதுவும் ஒன்று.

லியோத்தாரின் முறை அக்கால வழக்கத்திலிருந்து விலகியது. கோல் பட்ட தடம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அந்தத் துடிப்பிலேயே கலைஞனின் ஆற்றல் விளங்கும் என்று பாரிஸ் ஓவியர்கள் பலர் கருதினர். லியோத்தார் தடத்தை வெறுத்தார். இயற்கையில் கோடும் தடமும் இல்லை, எனவே ஓவியத்திலும் அவை இருக்கலாகாது என்பது அவர் கொள்கை. முதுமையில், 1781இல் வெளியிட்ட ஓவியக் கோட்பாட்டு நூலிலும் அதையே வலியுறுத்தினார். பதனிட்ட தோல்தாளின் வழவழப்பான பரப்பு அவருக்கு உவப்பானது. பின்புலம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், நிழல் குறைவு, கண்ணால் கண்டதை முகத்துதி கலவாமல் எழுதும் பிடிவாதம் அவருடையது. குலத்தகுதியைச் சொல்லும் குறியீட்டு மொழிக்கு அத்தகைய ஓவியத்தில் இடம் சுருங்கிவிடுகிறது. பணிப்பெண்ணாயினும் இளவரசியாயினும் அவர் பார்ப்பது ஒன்றையே: ஒருவர் தம் கையிலுள்ள பொருளோடு இருக்கும் விதத்தை.

1745இல் அவர் டார்ம்ஸ்டாட் வந்தபோது சந்தித்த இளவரசிக்கு அந்த ஆண்டு ஜூலை 11ஆம் நாள் 22 வயது நிறைவுற்றது. தந்தை எட்டாம் லூத்விக், ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட்டின் நிலப்பிரபு. வேட்டைப் பித்தால் பெயர்பெற்றவர். தாய் ஹானாவ்-லிஷ்டன்பெர்க் குலத்தைச் சேர்ந்த ஷார்லொட்டே. மகளுக்கு மூன்று வயது நிரம்புவதற்கு முன்பே, 1726இல் இறந்துவிட்டார். இளவரசி லியோத்தாரிடம் பாஸ்டல் கற்றார். இங்கே உருவப்படம் தீட்டுதலும் பாடம் சொல்லுதலும் ஒரே உறவின் இரு பக்கங்கள். அரசவை வழக்கப்படி ஓவியர் பணியாள், இளவரசி ஆணையிடுபவர். பாடத்தின் வழக்கப்படி ஓவியர் ஆசிரியர், இளவரசி மாணவி. 1745ஆம் ஆண்டுப் படத்தில் இவ்விரு ஒழுங்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ஆசிரியர் தம் மாணவியை மாணவியாகவே தீட்டியிருக்கிறார்.

அப்படியாயின் அவரை ‘ஓவியர்’ என்று அழைக்கலாமா? அந்தக் காலத்து மொழி அதற்கு இடம் தரவில்லை. அவரைப் போன்றோருக்கு வழங்கிய சொற்கள் மூன்று. பிரெஞ்சில் ‘அமத்தர்’, அதன் வேர் நேசித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினை. இத்தாலியிலிருந்து வந்தது ‘டிலெத்தாந்தே’. மகிழ்தல் என்பது அதன் வேர்ப்பொருள். ஜெர்மனில் ‘லீப்ஹாபர்’, விருப்பம் கொண்டவர் என்பது நேர்ப்பொருள். மூன்றும் அன்பையும் இன்பத்தையும் சுட்டும் சொற்கள். தொடக்கத்தில் எதுவும் இழிசொல் அன்று. ‘ஆர்வலர்’ என்ற தமிழ்ச் சொல்லின் ஆக்கமும் இதைப் போன்றதே. கூலிக்காக அன்றி அன்பால் கலையை நாடுவோர் என்னும் மதிப்பும் அவற்றில் இருந்தது.

ஆனால் சொற்கள் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. 1799இல் கோத்தேயும் ஷில்லரும் ‘டிலெத்தாந்த்’ மனப்பான்மையைப் பற்றி ஒரு கட்டுரைத் திட்டம் வகுத்தபோது, அச்சொல் உண்மைக் கலைஞனுக்கு எதிர்நிலையில் வைக்கப்படும் சொல்லாக மாறியிருந்தது. அரைகுறைப் பயிற்சி, பயனற்ற விளையாட்டு என்ற பொருள்கள் அதில் ஏறின. வாழும்போது மதிப்பாக ஒலித்த சொல், இறந்தபின் ஒருவரின் உழைப்பை மறைக்கும் திரையாகியது. முன்பு கண்ட ‘ரொக்கோகோ’ என்ற சொல்லின் வரலாறும் இதையே சொல்கிறது. கலையை மதிப்பிடும் முன்பே, அதைக் குறிக்கும் சொல் தீர்ப்பை எழுதிவிடுகிறது.

கரோலினேயின் முன் இருந்த தடைகள் இரண்டு, அவை வெவ்வேறானவை. பெண் என்பதால் கலைக்கழகத்தின் ஆடையற்ற உருவப் பயிற்சி அவருக்கு எட்டாதது. பெருவரலாற்று ஓவியத்துக்கு வழி அதுவே. அரசகுலத்தவர் என்பதால் படத்துக்கு விலை வாங்குவது தகுதிக்குறைவு. முதல் தடையை மட்டும் எதிர்கொண்ட ஒருவரை அவர் அருகில் நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். அன்னா டொரோதேயா தெர்புஷ் 1721இல் பெர்லினில் உருவப்பட ஓவியர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். தந்தையிடம் தொழில் கற்றவர். விடுதி நடத்திய ஒருவரை மணந்து, குடும்பப் பொறுப்பில் பல ஆண்டுகள் கழித்தபின், நாற்பதை எட்டும் வயதில் தொழிலுக்கு மீண்டார். ஸ்டுட்கார்ட், மன்ஹைம் அரசவைகளில் பணிபுரிந்தார். 1767இல் பாரிஸ் அரச ஓவியக் கழகத்தில் உறுப்பினரானார். 1770இல் அதே கழகம் பெண் உறுப்பினர் எண்ணிக்கை நான்கைத் தாண்டலாகாது என்று வரம்பு கட்டியது.

தெர்புஷின் பிற்காலத் தற்படம் ஒன்று பெர்லினில் இருக்கிறது. நெற்றியிலிருந்து தொங்கும் ஒற்றைக்கண் வில்லையோடு தம்மைத் தீட்டியிருக்கிறார். பார்வை மங்கிய ஒரு தொழிலாளியின் கருவி அது, அழகுக்காக அணிந்ததன்று. அவர் கையில் தூரிகை பிழைப்புக்கான கருவி என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. கரோலினேயின் கையிலுள்ள கோலுக்கு அந்தத் தெளிவு கிட்டவில்லை. செல்வம் அவரைத் தேவையிலிருந்து காத்தது. அதே செல்வம் அவருடைய உழைப்பை உழைப்பாகக் காணவிடாமலும் செய்தது.

1751 ஜனவரி 28ஆம் நாள் அவர் பாடன்-துர்லாக்கின் மார்க்கிரேவ் கார்ல் ஃபிரீட்ரிஷை மணந்தார். மணமகன் அவரினும் ஐந்து வயது இளையவர். மணப்பெண்ணுக்கு 27 வயது; அக்கால அரசகுல வழக்குக்கு இது தாமதமே. குடியேறிய கார்ல்ஸ்ரூஹே 1715இல் நிறுவப்பட்ட புதுநகரம். அரண்மனைக் கோபுரத்தை மையமாகக் கொண்டு விசிறி மடிப்புகள்போல் தெருக்கள் விரியும் அமைப்புடையது. இன்னும் முழுதும் உருப்பெறாத அந்த நகரத்தில்தான் அவருடைய முதன்மையான பணி நடந்தது.

1750களின் பிற்பகுதியிலிருந்து அவர் ஓவியங்களைச் சேகரிக்கத் தொடங்கினார். பாரிஸிலும் ஹேக் நகரிலும் இருந்த முகவர்களுக்குப் பிரெஞ்சில் கடிதங்கள் பறந்தன. ஏலங்களில் படங்கள் வாங்கப்பட்டன. தம் ‘ஓவிய அறை’யில் அவர் திரட்டியவை சுமார் 200 ஓவியங்கள். மற்ற அரசவைகள் பெருஞ்சுவர்களை நிரப்பும் இத்தாலியப் புராணக் காட்சிகளை நாடியபோது, அவர் பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தின் சிற்றளவு ஓவியங்களை நாடினார். ஹெரார்ட் டௌ, ஃபிரான்ஸ் வான் மீரிஸ், காஸ்பார் நெட்ஷர் போன்ற நுண்பூச்சு ஓவியர்கள் அவருடைய தேர்வு. ரெம்பிராண்டின் தற்படம் ஒன்றும் அந்த அறையை அடைந்தது. வாழ்ந்துகொண்டிருந்த பிரெஞ்சுக் கலைஞருள் புஷேயையும் சார்தேனையும் தேர்ந்தார். செப்புப் பாத்திரம், பழம், வேட்டையில் கிடைத்த முயல் என அன்றாடப் பொருள்களை எழுதிய சார்தேனின் படங்களை ஓர் அரசகுடும்பத்துப் பெண் தேடி வாங்கியது கவனிக்கத்தக்கது.

இந்தத் தேர்வை அவருடைய பயிற்சியோடு இணைத்துப் பார்க்க வேண்டும். நுண்பூச்சு ஓவியத்தில் தூரிகைத் தடம் தெரியாது. பட்டின் மினுமினுப்பும் கண்ணாடிக் குவளையின் ஒளியும் கோடின்றியே தோன்றும். இது லியோத்தாரின் கொள்கையேதான். லியோத்தாரும் பழைய ஹாலந்து ஓவியங்களைச் சேகரித்தவர். மலரோவியர் யான் வான் ஹைசமைப் பெரிதும் போற்றியவர். ஆசிரியரிடம் மாணவி கற்றது பொடியைத் தேய்க்கும் கைத்திறன் மட்டுமன்று. ஒரு பரப்பு எப்படி உருவாக்கப்பட்டது என்று பார்க்கும் கண்ணும்தான். கரோலினே தம்மிடமிருந்த பழம்பெரும் ஓவியர்களின் படங்களைப் பாஸ்டலிலும் செஞ்சுண்ணத்திலும் தாமே படியெடுத்துப் பயின்றார். படியெடுப்பவர் ஓர் ஓவியத்தை வெறுமனே பார்ப்பதில்லை. அதை அடுக்கடுக்காகப் பிரித்து மீண்டும் கட்டுகிறார். அவருடைய சேகரிப்பு செல்வர் ஒருவரின் கொள்முதல் பட்டியலாக இல்லாமல் ஒரு தெளிவான ரசனையின் வடிவமாக அமைந்ததற்கு இதுவே காரணம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் கலைக்கழகமும் அவரை உறுப்பினராக ஏற்றது.

அவர் நாட்டம் ஓவியத்தோடு நிற்கவில்லை. அரண்மனையில் ஆய்வுக்கூடம் ஒன்று அமைத்தார். கனிமம், சிப்பி, தாவரம் ஆகியவற்றைத் திரட்டினார். அந்த இயற்கைப்பொருள் தொகுப்பே இன்றைய கார்ல்ஸ்ரூஹே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மூலங்களுள் ஒன்று. வால்த்தேருடன் கடிதத் தொடர்பு இருந்தது. 1758இல் அவர் கார்ல்ஸ்ரூஹே வந்தும் சென்றார். சுவீடன் அறிஞர் லின்னேயஸ் வகுத்த தாவரப் பாகுபாட்டுக்குச் செப்புத்தகட்டுப் படங்களால் ஒரு பெருந்தொகுதி வெளியிடத் திட்டமிட்டார். செலவு மிகுந்ததால் அது கைகூடவில்லை. வரையும் கையும் வகைப்படுத்தும் அறிவும் இணைந்த திட்டம் அது.

அந்த முயற்சிக்கு மதிப்பளிக்கும் வகையில் ஒரு தென்னமெரிக்க மரத்துக்கு ‘கரோலினேயா பிரின்செப்ஸ்’ என்று பெயர் சூட்டப்பட்டது. லின்னேயஸின் மகன் 1782இல் வெளியிட்ட நூலில் அது அச்சேறியது. ‘பிரின்செப்ஸ்’ என்ற லத்தீன் சொல் ‘முதலிடம் பெறுபவர்’ என்ற பொருளில் தோன்றி, ஆள்பவரைக் குறிக்க வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வழங்கும் வடிவம் அது. ஜெர்மனும் பிரெஞ்சும் அவரை எப்போதும் பெண்பால் விகுதியோடு ஒருவரின் மகளாகவோ மனைவியாகவோ சுட்டியபோது, தாவரவியல் லத்தீன் மட்டும் அவருக்குப் பால் வேறுபாடற்ற ஒரு சொல்லைத் தந்தது.

ஆயினும் பெயர் நிலைக்கவில்லை. அதே மரத்தைப் பிரெஞ்சுத் தாவரவியலர் ஓப்லே 1775இலேயே, பிரெஞ்சு கயானாவின் வட்டாரச் சொல்லைத் தழுவி ‘பச்சீரா அக்குவாத்திக்கா’ என்று பதிவு செய்திருந்தார். முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரவியலின் விதி. இளவரசியின் பெயர் இணைப்பெயராக ஒதுங்கியது. கயானாக் காட்டு மக்களின் நாவில் பிறந்த சொல் நின்றது. இன்று இந்திய நகரங்களின் நாற்றுப் பண்ணைகளில், தண்டுகளைச் சடைபோல் பின்னி ‘மணி ட்ரீ’ என்ற பெயரில் விற்கப்படும் தொட்டிச்செடி இதுவே. வீட்டுச் சன்னலில் படரும் ‘மணி பிளாண்ட்’ கொடி வேறு. அதை வாங்கி வைப்போருக்கு அச்செடியின் பெயர் வரலாற்றில் ஒரு பெண் இருந்து மறைந்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இவ்வளவும் சொன்னபின் அவரை மறக்கப்பட்ட வீராங்கனையாக உயர்த்திவிடும் ஆசை எழுவது இயல்பு. அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஓவிய அறையின் ஒவ்வொரு படத்துக்கும் விலை உண்டு. அந்த விலை சிற்றரசின் வருவாயிலிருந்து வந்தது. வருவாய் உழவர்களிடமிருந்து வந்தது. பாடனில் பண்ணையடிமை முறையைக் கார்ல் ஃபிரீட்ரிஷ் ஒழித்தது 1783இல். அதே ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் கரோலினே பாரிஸ் பயணத்தின்போது காலமானார். ஆணை வந்தது சில மாதங்களுக்குப் பின். அதாவது அவர் படம் வாங்கிய ஆண்டுகள் அனைத்திலும், அவர் ஆட்சிப்பகுதியின் உழவர் பலர் சட்டப்படி முழு உரிமை பெற்றவர்களாக இருக்கவில்லை. ரசனையின் வரலாற்றை எழுதும்போது இந்தக் கணக்கை ஓரத்தில் தள்ளிவிட்டால், அரசவை உருவப்படம் எதை மறைக்க முயன்றதோ அதையே ஆய்வாளரும் மறைத்தவராவார்.

கரோலினேயின் சேகரிப்பு கார்ல்ஸ்ரூஹே அரசுக் கலைக்கூடத்தின் அடித்தளமாயிற்று. அக்கூடத்தின் கட்டடம் 1846இல் திறக்கப்பட்டது. ஓர் அரண்மனைப் பெண்ணின் அறையில் சிலர் மட்டும் கண்ட படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. 2015இல் அதே கலைக்கூடம் அவரைப் பற்றிய பெருங்கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதன் தலைப்பு ‘டீ மைஸ்டர்-சாம்லெரின்’. ‘மைஸ்டர்’ கைவினைஞர் குழாத்தின் தலைமைத் தொழிலாளியைக் குறித்த பழைய ஆண்பாற் சொல். தொழில் கற்று, தேர்வு முடித்து, தகுதி பெற்றவருக்கு உரியது. ‘சாம்லெரின்’ என்பது சேகரிப்பாளர் என்பதன் பெண்பால் வடிவம். தகுதிச் சொல்லும் பெண்பால் விகுதியும் ஒரு சிறு கோட்டால் இணைக்கப்பட்ட அத்தலைப்பு, 270 ஆண்டுகளுக்குப் பின் அவருக்குக் கிடைத்த மதிப்பு. கூர்ந்து பார்த்தால், அங்கும் தேர்ச்சி சேகரிப்புக்கே உரியதாகிறது. வரைந்த கைக்கு அன்று.

இந்த இடத்தில்தான் 1745ஆம் ஆண்டுப் படம் மீண்டும் தேவைப்படுகிறது. அப்போது சேகரிப்பு இல்லை, கார்ல்ஸ்ரூஹே இல்லை, வால்த்தேரின் கடிதமோ லின்னேயஸின் மரமோ இல்லை. மணம்கூட முடியவில்லை. எவருடைய மனைவியாகவும் எந்த நிறுவனத்தின் மூலமாகவும் அவர் அறியப்படாத ஒரு கோடையையோ இலையுதிர் காலத்தையோ சேர்ந்த படம் அது. முகத்துதி தெரியாத ஓர் ஓவியர், தாம் நாள்தோறும் பாடம் சொல்லும் இளம்பெண்ணைப் பார்த்து, அவரிடம் குறிப்பிடத்தக்கது எது என்று தமக்குள் கேட்டிருக்க வேண்டும். முடியையோ முத்தையோ அவர் விடையாகக் கொள்ளவில்லை. ஓவியத் தாங்கியையும் வரைகோலையும் தேர்ந்தார். கோல் அணிகலனா கருவியா என்ற வினாவுக்குப் பின்வந்தோர் பலவாறு விடை சொல்லியிருக்கலாம். உடனிருந்து கற்பித்தவர் தம் விடையைத் தீட்டியே வைத்துவிட்டார்.